வாசிப்பு முடியவில்லை, எழுத்து தொடங்கவில்லை: ஆய்வேட்டைத் தள்ளிப்போடுவதைப் பற்றி ஒரு கேள்வி

ஆய்வு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ் இலக்கியத்தில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராகப் பதிவு செய்து மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறிய பழந்தமிழ் நூல்களின் பதிப்புரைகளும் முகவுரைகளும் என் ஆய்வுப்பொருள். சி. வை. தாமோதரம் பிள்ளையின் வீரசோழியப் பதிப்பில் (1881) தொடங்கி, உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு (1898) வரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதிப்பாசிரியர்கள் தம் வாசகரை யாராக எண்ணி எழுதினார்கள், தம் உழைப்பையும் தம் ஐயங்களையும் அவர்களுக்கு எப்படி எடுத்துச் சொன்னார்கள் என்பதே நான் விடை தேடும் கேள்வி.

பொருளின் மீது எனக்குச் சலிப்பு வரவில்லை. இப்போதும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகும் நாளில் காலையிலேயே மனம் துள்ளுகிறது. கலித்தொகைப் பதிப்புரையில், ஏட்டை எடுக்கும்போதே ஓரம் உதிர்வதையும் கட்டை அவிழ்க்கும்போது இதழ் முறிவதையும் தாமோதரம் பிள்ளை சொல்லும் இடத்தை இருபது முறையாவது படித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் இந்த மூன்றாண்டுகளில் நான் எழுதி முடித்த இயல் ஒன்றுகூட இல்லை.

என்னிடம் இருப்பவை பதினொரு குறிப்பேடுகளும், கணினியில் அறுநூற்றுக்கு மேற்பட்ட பிடிஎஃப் கோப்புகளும், ‘இயல் 2’ என்று பெயரிட்ட ஒரு கோப்பும். அந்தக் கோப்பைத் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அதில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதல் பத்தியைத் திருத்துகிறேன், ஒற்று மிகுமா மிகாதா என்று பார்க்கிறேன், ‘இங்கே இன்னொரு சான்று வேண்டும்’ என்று தோன்றுகிறது, மின்னூலகத்தில் தேடப் போகிறேன், தேடியதை விட்டுவிட்டு வேறொன்று கிடைக்கிறது, அதைப் படிக்கிறேன், மாலையாகிவிடுகிறது. அந்த நாள் வீணானது என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இதுதான் என்னை மிகவும் குழப்புகிறது. திரைப்படம் பார்த்தோ உறங்கியோ நாளைக் கழித்திருந்தால் தவறு எங்கே என்று தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடுதித் தோழியுடன் மாலையில் நடக்கும்போது என் வாதத்தை அரைமணி நேரம் தடையில்லாமல் சொல்ல முடிகிறது. அவள் வேதியியல் மாணவி, அவளுக்கே புரிகிறது. அதே வாதத்தை எழுத உட்கார்ந்தால் ‘எனலாம்’, ‘காணலாகிறது’, ‘ஆராயப்படுகிறது’ என்று வாக்கியங்கள் விறைத்துப் போகின்றன. எழுதியது என்னுடையதாகவே தோன்றுவதில்லை.

வாசிப்பும் மாறிவிட்டது. ஊரில் கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவலை ஒரே இரவில் முடித்துவிட்டு மறுநாள் அதையே நினைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனவள் நான். இப்போது எந்த நூலையும் முழுமையாகப் படிப்பதில்லை. பொருளடக்கத்தைப் பார்த்து, எனக்கு வேண்டிய பத்துப் பக்கத்தை மட்டும் எடுத்து, மஞ்சள் கோடிட்டு, மூடிவிடுகிறேன். கோடிட்ட இடம் ஒரு மாதம் கழித்து ஏன் கோடிடப்பட்டது என்று எனக்கே தெரிவதில்லை.

அம்மா இதைச் சோம்பல் என்கிறார். நெறியாளர் அன்பானவர், “எழுதிக் கொண்டு வாம்மா, பார்க்கலாம்” என்பதற்கு மேல் கடிந்து பேசியதில்லை. ஆய்வுக்குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும்போது நான் படித்தவற்றின் பட்டியலைக் காட்டித் தப்பித்துவிடுகிறேன். உதவித்தொகையின் காலம் குறைந்துகொண்டே வருகிறது.

என் கேள்விகள் இவை. வாசிப்பை எந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுதத் தொடங்க வேண்டும்? குறிப்புகளை எப்படி வைத்துக்கொண்டால் அவை எழுத்துக்குப் பயன்படும்? இது உண்மையில் சோம்பல்தானா?

---

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர், கெடுகின்றவர் விரும்பி ஏறும் கலன்கள் என்று நான்கைச் சொல்கிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். நெடுநீர் என்பது விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பு. மடி என்பது சோம்பல். இரண்டையும் ஒரே குறளில் தனித்தனியே எண்ணியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். சோம்பல் இல்லாதவரிடமும் நெடுநீர்மை இருக்கக்கூடும். நாள் முழுவதும் உழைத்துவிட்டு, செய்ய வேண்டிய அந்த ஒன்றை மட்டும் செய்யாமல் விடுகிறவர் சோம்பேறி அல்லர். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லலாம்; ஆனால் கலன் வேறானாலும் அது போய்ச் சேரும் கரை ஒன்றுதான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

முப்பது ஆண்டுகள் ஆய்வு மாணவர்களோடு இருந்திருக்கிறேன். பாதியில் விட்டுச் சென்றவர்களில் படிக்காதவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் நிறையப் படித்தவர்கள். படிக்கப் படிக்கத் தமக்குத் தெரியாதவற்றின் எல்லை விரிந்துகொண்டே போக, எழுதும் தகுதி இன்னும் தமக்கு வரவில்லை என்று ஒதுங்கியவர்கள். வாசிப்பை எங்கே நிறுத்துவது என்று கேட்கிறீர்கள். நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. வாசிப்பு முடிந்த பிறகு எழுத்து என்ற வரிசையையே கைவிடுங்கள். எழுதத் தொடங்கிய பிறகுதான் எதைப் படிக்க வேண்டும் என்பது தெரியவரும்.

உங்கள் ஆய்வுப்பொருளிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சாமிநாதையர், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை 1880-இல் சந்தித்த பிறகே சீவக சிந்தாமணி என்னும் சமணக் காப்பியத்தைப் படிக்கத் தொடங்கினார். நூல் 1887-இல் அச்சாகி வெளிவந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் சமண சமயச் செய்திகள் புரியாதபோது ஊரிலிருந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஏடுகளை ஒப்பிட்டார். நூல் முடிவதற்கு முன்பே வாசகர்களிடம் கையொப்பம் வாங்கினார். அதாவது, வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்கள் காத்திருக்கும்போதே பதிப்பு வேலை நடந்தது. வெளிவந்த நூலில் குறையில்லையா? இருந்தது. 1907-இல் இரண்டாம் பதிப்பு, 1922-இல் மூன்றாம் பதிப்பு என்று, கிடைத்த புதிய ஏடுகளையும் வளர்ந்த தம் அறிவையும் கொண்டு திருத்திக்கொண்டே போனார். எல்லா ஏடும் கிடைக்கட்டும், எல்லா ஐயமும் தீரட்டும் என்று அவர் காத்திருந்தால் முதல் பதிப்பே வந்திருக்காது. முதல் பதிப்பு வந்ததால்தான் அடுத்தடுத்த நூல்களுக்கான ஏடுகளைத் தருவதற்கும் ஆட்கள் முன்வந்தார்கள்.

உங்கள் இரண்டாம் இயல் உங்கள் 1887. அதற்கு ஒரு 1907 உண்டு. இந்த உறுதி மனத்தில் இல்லாததால்தான் முதல் பத்தியையே திருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

வாசிப்பு முறைக்கு வருகிறேன். நன்னூலின் பாயிரத்தில், நூல் பயில்வதற்கான இயல்பைப் பவணந்தியார் சொல்லும் நூற்பாவை இளங்கலையில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். வழக்கறிதல், பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், ஆசானை அடுத்துக் கேட்டல், உடன் பயில்வோரோடு பயிலல், வினாதல், வினாயவற்றுக்கு விடை சொல்லுதல். இவற்றில் ‘படித்துக்கொண்டே இரு’ என்பது எங்கும் இல்லை. கேட்டதை நினைக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கேட்டவர்க்கு விடை தர வேண்டும். அடுத்த நூற்பாக்களில் ஒருமுறை கேட்டதையே இருமுறை கேட்டால் பிழை நீங்கும் என்றும், ‘முக்கால் கேட்பின் முறையறிந் துரைக்கும்’ என்றும் வருகிறது. அறுநூறு கோப்புகளை ஒருமுறை மேய்வதைவிட, ஆறு முன்னுரைகளை மூன்று முறை படிப்பது உங்களை உரைக்க வைக்கும். அதிலும் மூன்றாம் முறை படிக்கும்போது எதிரில் ஒரு கேள்வி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நீங்கள் தோழியிடம் அரைமணி நேரம் பேசுவதாகச் சொன்னீர்கள். அதுதான் ‘வினாயவை விடுத்தல்’. பாதி வேலை முடிந்திருக்கிறது. அதைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் மீதம்.

---

உளவியல் ஆசிரியை எழுதியது:

பேராசிரியர் ஐயா சோம்பலையும் நீட்டிப்பையும் பிரித்துக் காட்டியது எங்கள் துறையின் பார்வையோடு பொருந்துகிறது. ஃபூஷியா சிரோய், திமதி பிச்சில் ஆகிய இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையொன்றில், தள்ளிப்போடுதலை நேர மேலாண்மையின் குறையாகப் பார்க்காமல், மனநிலையை அந்த நேரத்துக்குச் சீராக்கிக்கொள்ளும் முயற்சியாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்கள். கோப்பைத் திறந்தவுடன் உங்களுக்குள் ஓர் அச்சம் எழுகிறது. ‘நான் எழுதுவது தாமோதரம் பிள்ளைக்கு ஈடாகுமா, ஆய்வுக்குழு என்ன சொல்லும்’ என்பது போன்ற ஒன்று. மின்னூலகத்துக்குப் போனவுடன் அந்த அச்சம் தணிகிறது. தணிந்த அந்த நொடியே பரிசாக அமைந்து, அடுத்த முறையும் அதே வழியில் உங்களை அனுப்புகிறது. வாசிப்பு மதிப்புக்குரிய செயல் என்பதால் இந்தப் பழக்கம் கண்ணில் படாமல் வேர்விடுகிறது. கைப்பேசியில் நேரம் போக்குகிறவர்கள் தம்மையே கேள்வி கேட்கும் நாள் விரைவில் வந்துவிடும். உங்களுக்கு மூன்றாண்டுகள் ஆனதற்கு அதுதான் காரணம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. உங்களையே கடிந்துகொள்வதால் அச்சம் கூடும், எனவே தப்பித்தலும் கூடும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். பதினான்கு மாதங்களை எண்ணி வருந்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த வருத்தமே உங்களை மீண்டும் மின்னூலகத்துக்கு அனுப்பும் என்பதால் சொல்கிறேன்.

மற்றொன்று தவணை பற்றியது. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தின் வகுப்பொன்றில் மூன்று கட்டுரைகள் எழுத வேண்டியிருந்த மாணவர்களை வைத்து ஏரியலியும் வெர்டன்ப்ரோக்கும் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குச் சம இடைவெளியில் தவணை நாள்கள் விதிக்கப்பட்டன. இன்னொரு பிரிவினர் தம் தவணைகளைத் தாமே குறித்துக்கொண்டார்கள். விதிக்கப்பட்ட தவணையில் எழுதியவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். உங்கள் நெறியாளரின் கனிவு நல்லது. ஆனால் தேதி சொல்லாத கனிவு உங்களைப் போன்றவருக்கு உதவாது. அவரிடம் சென்று, ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து பக்கம் தருகிறேன், தராவிட்டால் கேளுங்கள்’ என்று நீங்களே கேட்டுப் பெறுங்கள். சாமிநாதையர் வாங்கிய கையொப்பம் செய்த வேலையை இது செய்யும்.

கோடிடுவதைப் பற்றியும் ஒரு சொல். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழானது: முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56. மீண்டும் படிக்கும்போது தெரிந்துவிட்டது போன்ற உணர்வு வருகிறது. நூலை மூடிவிட்டு எழுதும்போதுதான் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரிகிறது.

---

சென்ற ஆண்டு ஆய்வேட்டை ஒப்படைத்தவர் எழுதியது:

தோழி, உங்கள் ‘இயல் 2’ கோப்பைப் பற்றிப் படித்தபோது என் ‘இயல் 3’ நினைவுக்கு வந்தது. மேலே இருவரும் காரணங்களை நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் கைவேலையை மட்டும் சொல்கிறேன். என் துறை நாட்டார் வழக்காற்றியல். ஆனால் சிக்கல் உங்களுடையதேதான்.

முதலில் அந்த விறைத்த நடை. தமிழில் எழுதுகிற எவருக்கும் பேசும் மொழிக்கும் எழுதும் மொழிக்கும் இடையில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. நாம் அதை மறந்துவிட்டு, சிந்திப்பதையும் செந்தமிழாக்குவதையும் ஒற்றுப் பார்ப்பதையும் ஒரே மூச்சில் செய்ய முயல்கிறோம். மூன்றும் வேறு வேறு வேலைகள். நான் கடைசியில் செய்தது இதுதான்: கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, நண்பனிடம் சொல்வதுபோல் வாதத்தைப் பேச்சுத் தமிழிலேயே சொன்னேன். பிறகு அதைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்தேன். ‘இவரு என்ன சொல்ல வர்றாருன்னா, நான் தப்புப் பண்ணியிருக்கலாம், படிக்கிறவங்க திருத்துங்கன்னு கேக்குறாரு’ என்பது போன்ற வாக்கியங்கள்தாம் என் முதல் படி. மறுநாள் அவற்றை எழுத்துத் தமிழாக்கினேன். வாதம் ஏற்கெனவே தாளில் இருந்ததால் நடையை மாற்றுவது எளிதாக இருந்தது. ஒற்று, புணர்ச்சி, அடிக்குறிப்பின் அமைப்பு ஆகியவற்றை இயல் முழுதும் முடிந்த பிறகு மூன்று நாள் ஒதுக்கிப் பார்த்தேன். முதல் படியில் ‘அப்படி சொன்னார்’ என்று ஒற்றில்லாமல் கிடந்தால் கிடக்கட்டும்.

‘எனலாம்’ பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் பணிவால் வருவதாக நினைக்கிறோம். பல இடங்களில், சொன்னதற்குப் பொறுப்பேற்க அஞ்சுவதால் வருகிறது. என் வரைவில் ஒரு பக்கத்தில் ஒன்பது ‘எனலாம்’ இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யார் சொல்வது? எதை வைத்து?’ என்று பென்சிலால் எழுதினேன். சான்று இருந்த இடத்தில் ‘என்கிறேன்’ என்று மாற்றினேன். சான்று இல்லாத இடத்தில் வாக்கியத்தையே எடுத்துவிட்டேன். பக்கம் பாதியானது, ஆனால் அது என் பக்கமாக இருந்தது.

குறிப்பெடுக்கக் குறிப்பேட்டை விட்டுவிட்டுத் தனித்தாள்களுக்கு மாறினேன். ஒரு தாளில் ஒரு செய்தி மட்டும். மேலே நூலின் பெயர், பதிப்பாண்டு, பக்க எண், நடுவில் மேற்கோள், அதன்கீழ் கட்டாயமாக என் சொந்த வாக்கியம் ஒன்று, முழு வாக்கியமாக. ‘முக்கியம்’, ‘பார்க்க’ என்று எழுதுவது குறிப்பாகாது. ‘இங்கே பதிப்பாசிரியர் ஏடு கொடுத்தவர்களின் பெயர்களை ஊரோடு சேர்த்துச் சொல்வதால், ஏடு வைத்திருந்த மற்றவர்களையும் அழைக்கிறார்’ என்பது குறிப்பு. இப்படி நாற்பது தாள் சேர்ந்ததும் விடுதி அறையின் தரையில் பரப்பினேன். எது எதற்குப் பின் வர வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் அடுக்கினேன். இயலின் வடிவம் தரையில் கிடந்தது. குறிப்பேட்டில் அடங்கியவை அந்த வரிசையிலேயே இறுகிவிடும். இடம் மாற்றிப் பார்க்க முடியாது.

காலையில் எழுதினேன், மதியத்துக்குப் பின்தான் படித்தேன். ஆறரை மணி முதல் எட்டு மணி வரை இணையத்தை நிறுத்திவிடுவேன். அந்த நேரத்தில் ஒரு சான்று தேவைப்பட்டால் தேடப் போகாமல், ‘[இங்கே சான்று]’ என்று அடைப்புக்குறியில் எழுதிவிட்டு மேலே போய்விடுவேன். மதியம் அந்த அடைப்புக்குறிகளை நிரப்புவதற்காக மட்டுமே நூலகத்துக்குப் போனேன். அப்போதுதான் வாசிப்பும் மாறியது. தேடிப் போகிற ஒன்று கையில் இருந்ததால், என்னிடமும் குவிந்திருந்த கோப்புகளில் அறுபதுதான் எனக்கு வேண்டியவை என்று தெரிந்தது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். முதல் பத்து நாள் எழுதியவை படிக்கவே கூசும்படி இருந்தன. அவற்றை அழிக்காமல் வைத்திருந்ததுதான் நான் செய்த நல்ல செயல். பதினோராம் நாள் அவற்றுக்குள்ளிருந்தே இரண்டு பத்திகள் எழுந்து வந்தன.

---

பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புப் பார்ப்பவர் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ‘எழுதிவிடு, பிறகு திருத்திக்கொள்ளலாம்’ என்ற அறிவுரையின் விளைவுகள் நாள்தோறும் என் மேசைக்கு வருகின்றன. மூலத்தைப் பார்க்காமல், பிறர் எடுத்தாண்ட மேற்கோளையே எடுத்தாண்டு, ஆண்டும் பக்கமும் பிழையாகத் திரும்பத் திரும்ப அச்சாகும் நூல்கள் எத்தனை! அவற்றை எழுதியவர்கள் தள்ளிப்போடாதவர்கள்தாம்.

‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று வினைசெயல்வகையில் ஒரு குறள் இருக்கிறது. தூங்குதல் என்பது இங்கே உறங்குதலைக் குறிக்காது. காலம் நீட்டித்தலைக் குறிக்கும். நீட்டித்துச் செய்ய வேண்டியதை நீட்டித்தே செய்க. நீட்டிக்காமல் செய்ய வேண்டியதை நீட்டிக்காதே. நெடுநீரைப் பழித்த அதே ஆசிரியர்தாம் இதையும் சொன்னார். ஆகவே ஆய்வில் எது எந்த வகை என்று பிரித்தாக வேண்டும். வாதத்தை எழுதுவது தூங்காமல் செய்ய வேண்டியது. மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடுவது, ஆண்டைச் சரிபார்ப்பது, ஒரு சொல்லுக்கு அக்காலத்தில் என்ன பொருள் இருந்தது என்று அகராதிகளைப் புரட்டுவது ஆகியவை தூங்கிச் செய்ய வேண்டியவை. சகோதரி, நீங்கள் இரண்டாவதைச் செய்வதில் தேர்ந்தவர் என்று உங்கள் பதிவிலிருந்தே தெரிகிறது. அந்தக் குணத்தை நோயாக எண்ணி விட்டுவிடாதீர்கள். அதன் இடம் காலை ஆறரை மணி அன்று, அவ்வளவுதான்.

---

ஆய்வு மாணவி எழுதியது (பன்னிரண்டு நாள்களுக்குப் பின்):

விடையளித்த நால்வருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குப் பொறுத்தருள வேண்டும். ஏதேனும் செய்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

‘இயல் 2’ கோப்பைத் திறக்கவில்லை. புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கினேன். தோழியுடன் நடந்த மாலையொன்றில் அவள் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்தேன். தட்டச்சு செய்து பார்த்தபோது நான்கு பக்கம் வந்தது. அதில் அவள் கேட்ட ஒரு கேள்வி எனக்கு மிகவும் உதவியது. “ஏடு இப்படி உதிருதுன்னு அவர் ஏன் வாசகர்கிட்ட சொல்றார்? புத்தகத்தை வாங்குறவங்களுக்கு அது எதுக்கு?” என்று கேட்டிருந்தாள். மூன்றாண்டுகளாக அந்தப் பகுதியின் அழகில் கரைந்துபோயிருந்த நான் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. அங்கே துயரம் மட்டும் பேசவில்லை. அதற்குள் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஏட்டை இப்போதே எடுங்கள், நாளை இருக்காது என்கிறார். வாசகரை நூல் வாங்குபவராக மட்டும் அவர் எண்ணவில்லை. ஏடு வைத்திருப்பவராகவும் எண்ணியிருக்கிறார். தள்ளிப்போடாதீர்கள் என்று 1887-இல் தம் வாசகரிடம் கெஞ்சிய ஒரு பதிப்புரையை வைத்துக்கொண்டு நான் பதினான்கு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறேன் என்பது உறைத்தபோது அழுகை வந்தது. அன்று இரவே இரண்டு பக்கம் எழுதினேன்.

இப்போது பதினொரு பக்கம் இருக்கிறது. அடைப்புக்குறிகள் பத்தொன்பது. நெறியாளரிடம் தேதி கேட்டேன். ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகள் என்று முடிவானது. முதல் வெள்ளிக்கு ஐந்து பக்கம் கொடுத்தேன். அவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு விடை எழுத வேண்டும் என்ற வேகத்திலேயே மூன்று நாள் ஓடின. இடையில் இரண்டு காலைகள் எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு நாள் எழுந்தும் எழுதாமல் பழைய குறிப்பேடுகளைத் தாள்களாக மாற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பித்தல்தான் என்று நடுவிலேயே புரிந்து, நிறுத்திவிட்டேன்.

படுக்கையில் நாவல் ஒன்றும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆய்வோடு தொடர்பில்லாதது; கையில் பென்சில் இல்லாமல் படிக்கிறேன்.

ஓர் ஐயம். பதிப்புரைகளிலிருந்து மேற்கோள் காட்டும்போது அக்காலத்துப் புணர்ச்சியையும் நிறுத்தக்குறிகளையும் அப்படியே வைப்பதா, இன்றைய வாசகருக்காகப் பிரித்து எழுதுவதா? சொற்களைப் பிரித்தால் படிக்க எளிதாகிறது. ஆனால் அந்த நீண்ட மூச்சு போய்விடுகிறது.

---

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, அம்மா. பதிப்புரையின் நடையும் உங்கள் ஆய்வுப்பொருளுக்குள் அடங்குவதால், மேற்கோளை முதற்பதிப்பில் உள்ளவாறே, ஒரு புள்ளியும் மாற்றாமல் தாருங்கள். பிற்காலத்து மறுபதிப்புகளிலும் இணையப் படிகளிலும் சந்தி பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து எடுக்க வேண்டாம். கடினமான இடங்களில் மேற்கோளை அடுத்து உங்கள் வாக்கியத்தில் பொருளைச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லும்போது அதற்கான விளக்கமும் உங்களுக்குத் தோன்றும். இதற்கான விதியை ஆய்வேட்டின் முன்னுரையில் இரண்டு வரியில் எழுதிவிட்டால் போதும். அந்த இரண்டு வரியை இப்போது எழுத வேண்டாம். கடைசி இயலை முடித்த பிறகு எழுதுங்கள். அதுவரை ஓர் அடைப்புக்குறி இருக்கட்டும்.